அளந்த அரிசியும் நிறுத்த மீனும்

எங்கள் வீட்டுச் சமையலறைத் தட்டில் இரண்டு அளவைகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, எட்டியாந்தோட்டைப் பகுதியின் இறப்பர்த் தோட்டமொன்றில் வாழ்ந்து மறைந்த என் அப்பாயி விட்டுச்சென்ற தகரச் சுண்டு. மற்றது, நீரிழிவு கண்ட எங்கள் பூனைக்காக 2021 ஆம் ஆண்டில் நான் வாங்கிய சிறிய மின்தராசு.

பூனைக்கும் நீரிழிவு வருமா என்று வாசக அன்பர்கள் சிலர் வியக்கலாம். வரும். எங்கள் கறுப்பனுக்கு வந்தது. ஆறு கிலோவுக்கு மேலிருந்த கடுவன், சில மாதங்களில் நாலரைக் கிலோவாக இளைத்தான். ஓயாமல் தண்ணீர் குடித்தான். உண்டு முடித்த கோப்பையின் அருகிலேயே நின்று மீண்டும் கத்தினான். நான் அதைப் பேராசை என்று நினைத்து அதட்டினேன். பின்னர் இரக்கப்பட்டு மீன் பிசைந்த சோற்றை அள்ளி அள்ளி வைத்தேன். இரண்டுமே பிழை என்பது மிருக வைத்தியரிடம் சென்ற பின்னரே விளங்கியது.

உண்ட உணவு இரத்தத்தில் சீனியாக ஓடுகிறது. அதை உடலின் கலங்களுக்குள் சேர்க்க இன்சுலின் போதவில்லை. ஆகவே, கோப்பை நிறைந்திருந்தும் உடல் பட்டினி கிடக்கிறது. கறுப்பன் பொய் சொல்லவில்லை. அவனுடைய பசி மெய்யான பசி.

இந்தப் பசியைப் பேராசை என்று எண்ணிய வெட்கமே அப்பாயியின் சுண்டை மீண்டும் கையில் எடுக்கவைத்தது.

1876 இல் பிரேசிலின் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாகக் கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் விலை ஏறியபோது, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த குன்றுகள் இறப்பர்க் காடுகளாயின. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த குடும்பங்கள் அங்கே லயங்களில் குடியமர்ந்தன.

அந்த வாழ்வின் மையம் அரிசி. தோட்டம் அரிசியைக் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். கடன் தீராத தொழிலாளி வேறு தோட்டம் போக வேண்டுமானால், அக்கடன் எழுதப்பட்ட 'துண்டு' அவனைத் தொடரும். புதிய தோட்டம் அதனை ஏற்றால்தான் அவனுக்கு விடுதலை. துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. 1927 இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. அரிசியை அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழிக்கும் வழக்கமோ தொடர்ந்தது.

"பேரு விழுந்தாத்தான்டா அரிசி" என்பார் அப்பாயி. செக்ரோலில் ஒரு நாள் வேலை பதியப்படுவதே 'பேர்'. குறித்த நிறைக்குப் பால் சேராவிடில் அரைப் பேர். சப்ரகமுவவோ மழை மிகுந்த பூமி. விடிகாலையில் மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் பால் வெட்ட இயலாது. வெட்டினால் பால் மழைநீரோடு வழிந்துபோகும். மழை நீண்ட மாதங்களில் பேரும் குறையும், அரிசியும் குறையும். நோயுற்றுப் படுத்தவருக்கும் அதே கணக்குத்தான். பசி கூடும் வேளையில் அளவு குறைந்தது. அந்த அளவு உழைப்புக்காகப் போடப்பட்டது, உடலுக்காக அன்று.

அந்த அரிசியை வீட்டில் மறுபடி அளந்தவர் அப்பாயி. ஒரு வேளைக்கு இத்தனை சுண்டு என்று எண்ணி உலையில் இடுவார். முதலில் தாத்தா, பிறகு பிள்ளைகள். சட்டியின் அடியில் எஞ்சியதும் கஞ்சித் தண்ணீரும் அவருடைய பங்கு. அளந்தவரின் பங்குக்கு மட்டும் அளவில்லை.

1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு அரிசி வரத்து அற்றுப்போனது. நாடெங்கும் பங்கீடு வந்தது. கோதுமை மா லயங்களுக்குள் நுழைந்ததும் அப்போதுதான். இன்று மலையகத்தாரின் அடையாள உணவாகக் கருதப்படும் ரொட்டிக்குப் பின்னால் அந்தப் போர்க்காலத் தட்டுப்பாடு இருக்கிறது.

போர் முடிந்த பின்னரும் கூப்பன் அரிசி நீடித்தது. 1953 இல் டட்லி சேனநாயக்கவின் அரசு பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் கொந்தளித்தது. அக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். அதன் பிறகு அரிசியில் கைவைக்க எந்த அரசும் அஞ்சியது. ஆனால், அந்த அச்சம் வாக்காளர் மீதான அச்சம். 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, வாக்குரிமையையும் இழந்திருந்த தோட்டத் தொழிலாளரைக் கண்டு எவர் அஞ்சுவார்?

விடை 1973, 74 ஆம் ஆண்டுகளில் கிடைத்தது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது; திறைசேரியில் அந்நியச் செலாவணி இல்லை. பங்கீடு வெட்டப்பட்டது. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வதற்கும் கட்டுப்பாடு இருந்தது. கிராமத்தவருக்கு வயலோ, பலாமரமோ, ஈரப்பலாவோ, மரவள்ளிப் பாத்தியோ இருந்தது. லயத்தவருக்குத் துரையின் மரங்களைத் தவிர வேறொன்றுமில்லை. தோட்டங்களில் மரண வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடப் பன்மடங்கு ஏறியதைப் பின்னாளில் குடித்தொகை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

அப்போது நான் இளம் பிரதேச நிருபர். தெரணியகலை, இறக்குவானைப் பக்கங்களில் லயம் லயமாக நடந்தேன். கால்கள் வீங்கிய பெண்கள், காட்டுக் கீரை தேடிப்போன சிறுவர், பூட்டிக் கிடந்த காம்பராக்கள். இரவெல்லாம் விழித்து எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினேன். ஐந்து வரிகள் அச்சேறின. 'உணவுத் தட்டுப்பாடு நிலவுவதாகத் தெரிவிக்கப்படுகிறது' என்று முடிந்தது அச்செய்தி.

பசியை அளந்து நோயை ஆள முயன்ற வரலாறு மருத்துவத்திலும் உண்டு. 1870 இல் பாரிஸ் நகரம் முற்றுகைக்குள்ளாகி உணவு அருகியபோது, தம் நீரிழிவு நோயாளரின் சிறுநீரில் சீனி குறைவதை பூஷார்டா என்னும் மருத்துவர் கவனித்தார். முதலாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க மருத்துவர் ஃபிரடெரிக் அலன், உணவை மிகவும் குறைத்து நோயாளிகளின் ஆயுளைச் சற்று நீட்டினார். அவர்கள் எலும்பும் தோலுமாக உயிர் வாழ்ந்தார்கள். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனார்ட் தொம்சன் என்ற சிறுவனின் உடலில் இன்சுலின் ஏறிய பிறகே அந்தக் கொடிய அளவுக்கு முடிவு பிறந்தது. உணவைக் குறைத்தது நோயைத் தீர்க்கவில்லை. உடலுக்கு இல்லாததைக் கொடுத்ததுதான் நோயாளரை வாழவைத்தது.

கறுப்பனுக்கும் வைத்தியர் அதையே செய்தார். பட்டினி போடவேண்டாம் என்று முதலிலேயே எச்சரித்தார். பருத்த பூனை திடீரெனப் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகுமாம். பூனை ஊனுண்ணி, மாச்சத்தை ஆளும் திறன் அதன் உடலுக்குக் குறைவு. ஆகவே சோறு நின்றது. புரதம் மிகுந்த, பூனைக்கென்றே ஆக்கப்பட்ட தகர உணவு வந்தது. அன்றைய மொத்த உணவைக் காலையிலேயே நிறுத்து வைப்போம். 12 மணி நேர இடைவெளியில் இரு பெரிய வேளைகள். உண்ட பின்பே இன்சுலின். மொத்தத்திலிருந்தே சிறு பங்கை நண்பகலுக்கு ஒதுக்கினோம், கத்தல் குறைந்தது. உண்ணாத வேளையில் ஊசி போடாமல் வைத்தியரைக் கேட்போம். தள்ளாடினால் ஈறில் தடவத் தேன் குப்பி அருகிலிருக்கும். அவன் குடிக்கும் தண்ணீரையும் வாரந்தோறும் எடையையும் குறித்துவைத்தேன். எடை ஏறியது, பசி மெல்ல அடங்கியது.

பிறகு வந்தது 2022. அந்நியச் செலாவணி மீண்டும் வற்றியது. மருந்துகள் அருகின, தகர உணவு கைக்கெட்டாத விலைக்குப் போனது. வைத்தியர் சொன்ன சேர்மானங்களோடு அவித்த மீனையும் கோழியையும் நிறுத்துப் போட்டேன்.

ஒருநாள் லயத்திலிருந்து வந்த பெண்ணொருவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூனைக்கு நிறுத்துத்தான் போடுவீங்களா ஐயா?"

"சீனி வருத்தம், தங்கச்சி. அளவு பிசகக் கூடாது."

"எங்க வீட்லயும் இப்ப ரொட்டிய எண்ணித்தான் குடுக்கிறோம்" என்றார் அவர், சிரித்தபடி. அந்த எண்ணிக்கையில் அவருடைய பங்கு எது என்று நான் கேட்கவில்லை. அப்பாயியின் பேரனுக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

2021 இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய். மாவின் விலையோ மறு ஆண்டில் பலமடங்காகியிருந்தது. நாட்டில் உணவுப் பாதுகாப்பு மிகக் குறைந்தவர்கள் தோட்டத்துறையினரே என உலக உணவுத் திட்டம் அவ்வாண்டில் தெரிவித்தது.

கறுப்பனின் மீனை நான் நிறுத்தவில்லை. அதை நிறுத்தியிருந்தால் லயத்தின் ரொட்டி ஒன்றேனும் கூடியிராது. ஆனால், ஒரு வாயில்லா ஜீவனின் உடலுக்கு எவ்வளவு வேண்டும் என்று கிராம் கணக்கில் அறிய முயன்ற நாம், நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த மனிதரிடம் அக்கேள்வியைக் கேட்டதேயில்லை. எத்தனை பேர் விழுந்தது என்று மட்டுமே கேட்டோம்.

1974 இல் ஐந்து வரிகளாகச் சுருங்கிய செய்தியின் மிச்சத்தை எழுதி முடிக்க எனக்கு இத்தனை ஆண்டுகள் சென்றன. அதை நினைவூட்டியது ஒரு பூனையின் பசி.