சிகரெட் பாக்கெட்டுக்கு ஓர் உரை

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர். சிகரெட் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் வாசகத்துக்கு ஒருவரும் இல்லை. நாள்தோறும் கோடிக்கணக்கான கைகளில் ஏறி இறங்கும் வாசகம் அது. மூன்றே வரி. புகைப்பவருக்கு அது மனப்பாடம். அவர் வீட்டாருக்கும் மனப்பாடம். ஆனால் இரண்டு தரப்பும் முதல் வரியோடு நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம். அதனால்தான் இந்த உரை.

மூலம், 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தமிழில்:

புகையிலை வலிமிகுந்த மரணத்தை விளைவிக்கும்.
இன்றே விட்டுவிடுங்கள்.
அழையுங்கள் 1800-11-2356.

முதல் வரிக்குப் பாடபேதங்கள் உண்டு. அதற்கு முந்தைய பாக்கெட்டுகளில் ‘புகையிலை புற்றுநோயை உண்டாக்கும்’ என்றும் வந்தது. ஓராண்டு கழித்து, ‘புகையிலை பயன்படுத்துவோர் குறைந்த வயதிலேயே இறக்கிறார்கள்’ என்று மாற விதி வகை செய்தது. முதல் வரி சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. மற்ற இரண்டும் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. இந்த நிற வேறுபாட்டை நினைவில் வையுங்கள், உரைக்கு வேண்டியிருக்கும்.

பாயிரம்

இந்த மூலத்துக்குப் பாயிரம் எழுத்தில் இல்லை, படத்தில் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெறும் எழுத்தாக, உடல்நலத்துக்குக் கேடு என்று ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்த எச்சரிக்கை, 2009 மே 31 முதல் படத்தோடு வந்தது. அதற்கு முன் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது அதற்காக மல்லுக்கு நின்றவர் அன்புமணி ராமதாஸ். முதலில் வந்த படங்கள் சாதுவானவை: புகைப்பவருக்கு நுரையீரல், வாயில் அடக்குபவருக்கு ஒரு தேள். 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் இரு முகப்பிலும் 85 விழுக்காடு இடம் எச்சரிக்கைக்கு. அதில் 60 படத்துக்கு, 25 எழுத்துக்கு.

படம் வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2016-17இல் நாடு முழுவதும் நடந்த வயதுவந்தோர் புகையிலை ஆய்வில், சிகரெட் பிடிப்பவர்களில் ஏறக்குறைய 62 விழுக்காட்டினர் அந்த எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிடலாமா என்று நினைத்ததாகச் சொன்னார்கள். சின்ன விஷயம் இல்லை. ஆனால் நம் பெட்டிக்கடை வேறு உலகம். ‘அண்ணே, ஒரு டீ, ஒரு ஃபில்டர்’ என்று கேட்பவர் கைக்கு வருவது ஒற்றைச் சிகரெட். பாக்கெட் கடைக்காரரிடமே இருந்துவிடும். மூலம் கைக்கு வராமலே நாள் முழுக்கப் புகைக்க முடியும். மகாராஷ்டிரம் 2020இல் ஒற்றைச் சிகரெட் விற்பனையைத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

‘புகையிலை’

சிகரெட் பாக்கெட்டில் சிகரெட் என்று எழுதாமல் புகையிலை என்று எழுதியது காரணத்தோடுதான். சிகரெட்டை விட்டேன் என்று சொல்லிப் பீடிக்குப் போகிறவர்கள், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே பொட்டலத்தை அடக்குகிறவர்கள் எல்லாரும் இந்தச் சொல்லுக்குள் அடக்கம். ஆன்லைனில் வரவழைத்த மின்சிகரெட்டுக்கு மாறுகிறவர்களுக்கு: அது 2019 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். ‘லைட்’ என்று பெயர் சூட்டிய சிகரெட்டில் ஃபில்டரைச் சுற்றி நுண்துளைகள் உண்டு. பிடிப்பவர் விரல் அவற்றை மூடிவிடும், அவரும் ஆழ இழுத்து ஈடுகட்டிக்கொள்வார். கம்பெனிக்கு மட்டும் இலகு.

‘வலிமிகுந்த’

மரணம் எப்படியும் வரப்போகிறது, சிகரெட் பிடிக்காதவன் சாகவில்லையா என்று கேட்பவருக்காகவே இந்தச் சொல் சேர்க்கப்பட்டிருக்கிறது. பலருக்குப் புற்றுநோய் மட்டும் நினைவுக்கு வரும். நான் பர்ஜர் நோயைச் சொல்வேன். பெரும்பாலும் 45 வயதுக்குள் இருக்கும் புகைக்கும் ஆண்களுக்கு வருவது, பீடி அதிகம் புழங்கும் நம் நாட்டில் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது. கைகால்களின் சிறு ரத்தக்குழாய்கள் அழற்சி கண்டு அடைபடும். முதலில் நடந்தால் கெண்டைக்காலிலோ பாதத்திலோ வலி. பிறகு படுத்திருந்தாலும் வலி. இரவெல்லாம் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு விரல் நுனி கறுக்கும். அதன் போக்கை நிறுத்த நிச்சயமான வழி ஒன்றுதான், புகையிலையை அடியோடு விடுவது. விட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கால் தப்பும். விரலை எடுத்த பிறகும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று புகைக்கும் நோயாளிகளைப் பற்றி அறுவை மருத்துவர்கள் சொல்வதுண்டு. அதைத் திமிர் என்று படிப்பவர்கள் இந்த உரையின் அடுத்த பகுதியைப் பொறுமையோடு படிக்க வேண்டும்.

‘மரணத்தை விளைவிக்கும்’

‘குறைந்த வயதிலேயே’ என்ற பாடமே எனக்கு உகந்தது, அதில் கணக்கு இருக்கிறது. ரிச்சர்ட் டால் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1951இல் பிரிட்டனின் 34,439 ஆண் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டுப் பதிந்து, அரை நூற்றாண்டு பின்தொடர்ந்தார். 2004இல் வெளிவந்த முடிவு: தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். பலரும் சொல்லாமல் விடும் மறுபாதி இது: 60 வயதில் விட்டவருக்கு 3 ஆண்டு திரும்பக் கிடைத்தது, 50இல் விட்டவருக்கு 6, 40இல் விட்டவருக்கு 9, 30இல் விட்டவருக்கு ஏறக்குறைய முழுப் பத்தும். ‘இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன’ என்கிற மாமாக்களுக்குப் பதில் அந்த 3.

சிவப்புப் பட்டை இங்கே முடிகிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. வீடுகளில் அது படும் பாடுதான் குறை. மனைவியும் அம்மாவும் மகளும் நண்பனும் இந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: செத்துப்போவீங்க, நுரையீரல் கருகிப்போகும், எங்களை நடுத்தெருவில் விட்டுட்டுப் போவீங்க. கேட்பவருக்கு இது புதிய செய்தி இல்லை. கேட்டதும் நெஞ்சு படபடக்கும். படபடப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் உடம்புக்கு ஒரே ஒரு வழிதான் பழக்கம், கை சட்டைப்பைக்குப் போகும். அச்சத்தை ஏற்றி ஏற்றி நாமே அடுத்த சிகரெட்டைப் பற்ற வைத்துக் கொடுக்கிறோம். முன்சொன்ன வயதுவந்தோர் புகையிலை ஆய்விலேயே, புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விடும் எண்ணத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். எண்ணம் இருக்கிறது. வழி கேட்டு நிற்பவரிடம் போகும் இடத்தின் அருமையை விளக்கிக்கொண்டிருக்கிறோம்.

‘இன்றே’

உரைகாரர்கள் கையாளும் கொண்டுகூட்டு இங்கே தேவைப்படுகிறது. ‘இன்றே’ என்ற சொல்லை ‘விட்டுவிடுங்கள்’ என்பதோடு சேர்க்காமல் ‘அழையுங்கள்’ என்பதோடு கூட்டிப் பொருள்கொள்க. இன்றே அழையுங்கள், நாள் குறித்து விடுங்கள். இது என் வசதிக்காகச் சொல்வதில்லை. பழக்கத்தை விடுவிக்கும் மருத்துவர்கள், இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறிக்கச் சொல்வதே வழக்கம். அதற்குள் வீட்டில் இருக்கும் லைட்டர், ஆஷ்ட்ரே எல்லாம் வெளியேற வேண்டும், மருந்து வாங்க வேண்டும், எந்தெந்த நேரத்தில் கை தேடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த நாள் வந்ததும் ஒரேயடியாக நிறுத்த வேண்டும். இங்கிலாந்தில் ஏறக்குறைய 700 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் 39 விழுக்காட்டினரே நான்கு வாரம் தாக்குப்பிடித்தார்கள். ஒரேயடியாக விட்டவர்களில் 49.

‘விட்டுவிடுங்கள்’

எளிதாகச் சொல்லிவிட்டது மூலம். இழுத்த புகையிலிருக்கும் நிகோடின் பத்து விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகும், உடம்பு அடுத்ததைக் கேட்கும். கேட்டது கிடைக்காத முதல் மூன்று நாள் மிகக் கடுமை. எரிச்சல், தூக்கமின்மை, கவனமின்மை, அகோரப் பசி, மலச்சிக்கல். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். இதை முன்கூட்டி அறிந்த வீடு, அந்த நாட்களில் அவர் எரிந்துவிழுந்தால் ‘இதுக்குப் பிடிச்சே தொலைக்கலாம்’ என்று சொல்லாது. அந்த ஒரு வாக்கியம் பலரைத் திரும்பக் கடைக்கு அனுப்பியிருக்கிறது.

வேட்கை நாள் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. எழும், உச்சிக்குப் போகும், சில நிமிடத்தில் தணியும். அந்தச் சில நிமிடத்தைக் கடத்துவதுதான் மொத்த வித்தையும். நம் ஊரில் அது பெரும்பாலும் டீயோடு கட்டிய வேட்கை. கிளாஸ் கைக்கு வந்தால் மறுகை தானாக நீளும். முதல் ஒரு மாதம் டீக்கடைக்குப் போகாமல் வீட்டிலோ ஆபீஸிலோ டீ குடிக்கலாம். டீயையே மோராக மாற்றுகிறவர்களும் உண்டு.

நிகோடின் சூயிங் கம் மெல்லுபவர்களுக்கும் டீ ஒரு தடை. இந்தக் கம்மை மிட்டாய்போல் மென்று தள்ளக் கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். நிகோடின் வாயின் உட்தோல் வழியாக ஏற வேண்டும், வயிற்றுக்குப் போனால் விக்கல்தான் மிச்சம். டீயும் காபியும் வாயில் அமிலத்தைக் கூட்டி அந்த ஏற்றத்தைத் தடுக்கும், ஆகவே கம்முக்கு 15 நிமிடம் முன்பிருந்து அவை கூடாது. ‘கம் மென்னு பார்த்தேன், ஒண்ணும் ஆகலை’ என்பவர்களை விசாரித்தால் பலர் டீயோடு மென்றவர்களாக இருப்பார்கள். காலை எழுந்து அரைமணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 வேண்டும். வாரெனிக்லின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. அவற்றை மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். நிகோடினுக்கு நிகோடினா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: உயிரைக் கொல்வது பெரும்பாலும் எரிந்த புகை, நிகோடின் அதற்கு ஆளை இழுத்து வரும் தரகர்.

‘விட்டாச்சு, நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான்’ என்பது இந்தச் சொல்லின் பொருள் ஆகாது. நாளுக்கு ஒன்று பிடிப்பவருக்கு இருபது பிடிப்பவரின் கூடுதல் இதயநோய் ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று நினைக்கிறோம். 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதி இருந்தது. இதயம் எண்ணிக்கைக்கு இரங்குவதில்லை.

‘அழையுங்கள் 1800-11-2356’

பாக்கெட்டில் அதிகம் படிக்கப்படாத இடம் இது. இலவச எண். 2016 மே மாதம் டெல்லியில் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கிய சேவை. 2018 செப்டம்பர் முதல் எல்லாப் புகையிலைப் பொருளின் உறையிலும் எண் ஏறியது. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ், மும்பை டாட்டா நினைவு மையம், குவாஹாட்டி புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றுக்கும் விரிந்தது. தமிழில் பேசலாம். எதிர்முனையில் இருப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். உபதேசம் அவர் வேலை இல்லை. நாளைக்கு எத்தனை, எப்போது முதல், முன்பு விட முயன்றீர்களா, எதனால் திரும்பப் போனீர்கள் என்று கேட்பார். நாள் குறிக்க உதவுவார். அதன் பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். தனியாக விட முயல்பவருக்கு இல்லாதது, மூன்றாம் நாள் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்க ஓர் ஆள்.

மூலம் புகைப்பவரைத்தான் அழைக்கச் சொல்கிறது. நான் வீட்டாரையும் சேர்த்துப் பொருள் கொள்கிறேன். அந்த எண்ணை அவர் போனில் நீங்கள் பதிந்து கொடுக்கலாம். அவர் பேசும்போது பக்கத்தில் நிற்காமல் வெளியே போகலாம். பலர் முதல் முயற்சியிலேயே வெற்றி பெறுவதில்லை. பல முறை முயன்று விட்டவர்களே அதிகம். ஆகவே அவர் நடுவில் ஒன்று பிடித்துவிட்டால், ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று சொல்லாதீர்கள். இந்த முறை எத்தனை நாள் தாங்கினீர்கள், எந்த நேரத்தில் தவறியது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அடுத்த தேதியை அவரையே சொல்லச் சொல்லுங்கள்.