ஹார்மோன் நிறைய இருக்கு, உடம்புக்குத்தான் கேட்கலை: 1967-ல் தொடங்கிய ஒரு தைராய்டு கதை

தைராய்டுன்னு சொன்னதும் நமக்குத் தெரிஞ்சது ரெண்டே வகைதான். ஹார்மோன் கம்மி, இல்லைன்னா ஜாஸ்தி. இன்னைக்குப் பேசப்போறது மூன்றாவது வகை. ஹார்மோன் ஜாஸ்தியாகவே இருக்கும். ஆனால் உடம்பு அதைக் கண்டுக்காது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் இந்தக் குறைபாட்டுக்கு 'தைராய்டு ஹார்மோன் எதிர்ப்பு' என்று பெயர்.

கதை 1967-ல் அமெரிக்காவில் தொடங்குகிறது. சாமுவேல் ரெஃபெடாஃப், லோரன் டிவிண்ட், லெஸ்லி டிகுரூட் என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காது கேட்காது, பேச்சும் வரவில்லை. கழுத்தில் தைராய்டு வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு முனைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள்.

அப்போது தைராய்டு டெஸ்ட் என்றால், ரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் அயோடினை அளப்பதுதான் வழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கு அது மிக அதிகம். அந்த அளவுக்கு ஹார்மோன் இருந்தால் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு எல்லாம் வந்திருக்கணும். வரவில்லை. எலும்பு வளர்ச்சியைப் பார்த்தால் ஹார்மோனே போதாத பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள்.

நம்ம பாஷையில் சொன்னால், சர்வர் ரெஸ்பான்ஸ் அனுப்பிக்கிட்டே இருக்கு, கிளையன்ட் பக்கம் எதுவுமே நடக்கலை. இதே முடிவுக்குத்தான் அவர்களும் வந்தார்கள். சுரப்பியில் கோளாறு இல்லை, ஹார்மோனைப் பெறும் திசுக்கள் பதில் சொல்வதில்லை. கட்டுரைத் தலைப்பிலேயே இதை ஒரு 'சாத்தியம்' என்றுதான் போட்டார்கள். காரணம், செல்லுக்குள் இந்த ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி, அதாவது ரிசப்டர், எது என்றே அன்று யாருக்கும் தெரியாது.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கோழிகளுக்கு ரத்தப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. அதில் உள்ள ஒரு மரபணுவின் இயல்பான வடிவம் நம் செல்லிலும் உண்டு. அது என்ன வேலை செய்கிறது என்று தேடிய இரண்டு குழுக்கள், 1986-ல் நேச்சர் இதழில் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்: அதுதான் தைராய்டு ஹார்மோனின் ரிசப்டர். ஒன்று கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழு. இன்னொன்று ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் பியோர்ன் வென்ஸ்ட்ரோம் குழு.

ரிசப்டரில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. 1989-லிருந்து, எதிர்ப்பு உள்ள பல குடும்பங்களில் பீட்டா ஜீனில் எழுத்துப்பிழைகள் கிடைக்க ஆரம்பித்தன. பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்து. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நோய் வந்துவிடும்.

சரி, அந்த முதல் குடும்பம்? 1992-ல் அதற்கும் விடை கிடைத்தது, அதாவது 25 வருஷம் கழித்து. அந்தப் பிள்ளைகளிடம் பீட்டா ஜீனின் புரதம் செய்யும் பகுதி மொத்தமாகவே இல்லை, இரண்டு பிரதியிலும்! ஒரே ஒரு பிரதியை மட்டும் இழந்திருந்த பெற்றோருக்கோ ஒன்றும் ஆகவில்லை.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பிரதி முழுசாகக் காணாமல் போனால் பிரச்சினை இல்லை, ஒரு எழுத்து மாறினால் பிரச்சினை. எப்படி? இந்த ரிசப்டர் டிஎன்ஏ மேலேயே உட்கார்ந்திருக்கும். ஹார்மோன் வராதவரை ஜீனை அணைத்து வைக்கும், வந்ததும் ஆன் செய்யும். கெட்டுப்போன ரிசப்டர் ஹார்மோன் வந்தாலும் அசையாது, நல்ல ரிசப்டரையும் வேலை செய்ய விடாது. லாக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கிப்போன ப்ராசஸ் மாதிரி. அது கிராஷ் ஆகியிருந்தால்கூட இன்னொன்று வேலையை முடித்திருக்கும்.

இதனால் நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி பெரும்பாலும் பீட்டாவை நம்பி இருக்கிறது. ஹார்மோன் போதாது என்று நினைத்து டிஎஸ்எச் அனுப்பிக்கொண்டே இருக்கும், சுரப்பியும் சுரந்துகொண்டே இருக்கும். இதயத்தில் ஆல்ஃபா அதிகம், அது நன்றாகவே இருப்பதால் துடிப்பு கூடும். ஒரே உடம்பில் ஒரு உறுப்புக்கு ஹார்மோன் ஜாஸ்தி, இன்னொன்றுக்குக் கம்மி. ரிப்போர்ட்டில் டி4 அதிகம், கழுத்தில் வீக்கம், இதயப் படபடப்பு என்று பார்த்த மருத்துவர்கள், வழக்கமான ஹைப்பர்தைராய்டு என்று பலருக்குச் சுரப்பியையே வெட்டி எடுத்தார்கள், அல்லது கதிரியக்க அயோடின் கொடுத்து அழித்தார்கள். தன் குறையைச் சமாளிக்க உடம்பு கூட்டி வைத்திருந்த ஹார்மோனை அப்படியே பறித்த மாதிரி. துப்பு ஒன்று இருந்தது: வழக்கமான ஹைப்பர்தைராய்டில் டிஎஸ்எச் அடியோடு இறங்கிவிடும், இவர்களுக்கு இறங்காது. ஆனால் அவ்வளவு குறைந்த அளவைப் பிரித்துச் சொல்லும் டெஸ்ட் 1980-களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

2012-ல் கதை தலைகீழானது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார்கள். வளர்ச்சி குறைவு, கடுமையான மலச்சிக்கல், பார்த்தால் ஹார்மோன் பற்றாக்குறை மாதிரி. ஆனால் தைராய்டு ரிப்போர்ட் கிட்டத்தட்ட நார்மல். பிட்யூட்டரிக்கு பீட்டா சரியாக இருந்ததால் அது புகார் சொல்லவில்லை. கெட்டிருந்தது ஆல்ஃபா. முன்பு எண் பயமுறுத்தியது, இப்போது எண் எல்லாம் ஓகே என்றது. இரண்டிலும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை பிடிபட்டது.

பீட்டா வகை ஏறக்குறைய 40,000 பிறப்புகளுக்கு ஒன்று, அதனால் கேட்டுட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் உங்க ரிப்போர்ட்டில் டி4 அதிகமாக இருந்தும் டிஎஸ்எச் இறங்காமல் இருந்தால், மாத்திரைக்கோ ஆபரேஷனுக்கோ தலையாட்டுவதற்கு முன்னாடி ஹார்மோன் நிபுணரிடம் ஒரு கேள்வி கேளுங்க: "டாக்டர், இந்த ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கு?" பிட்யூட்டரியில் கட்டி இருந்தாலும் இப்படி வரலாம், அதனால் அதையும் பார்க்கச் சொல்வார். வீட்டில் வேறு யாருக்காவது தைராய்டு இருக்கிறதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.