பூட்டும் வாட்ச்சும்

ஒரு காலத்தில் சித்தையன்கோட்டை, ஆத்தூர், செம்பட்டிப் பக்கம் வீடு கட்டியவர்கள் பூட்டைப் பற்றி யோசிக்கவே மாட்டார்கள். பஸ் ஏறினால் திண்டுக்கல், இறங்கினால் நாகல் நகர். பட்டறையில் சொல்லிவிட்டு வந்தால் வேலை முடிந்தது.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொழில் இது. சங்கரலிங்காச்சாரி சகோதரர்கள் தொடங்கி வைத்தது என்று ஊரில் சொல்வார்கள். மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டு என்று எத்தனையோ வகை. உள்ளே இருக்கும் லீவர் தகடுகளை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, அதற்குத் தக்கபடி சாவியை வெட்டுவார்கள். அச்சில் வார்க்கிற சமாசாரமெல்லாம் கிடையாது. அதனால்தான் ஒரு பூட்டின் சாவி அடுத்த பூட்டில் நுழைந்தாலும் திறக்காது. திருடனுக்கு இது கஷ்டம். வியாபாரத்துக்கும் கஷ்டம்தான். எப்படி என்று பார்ப்போம்.

1957-ல் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர்களுக்கு ஒரு தொழிற் கூட்டுறவுச் சங்கம் வந்தது. நேரு காலம், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம். உருக்காலை, கனரக இயந்திரமெல்லாம் சர்க்காருக்கு, கைக்கு அடக்கமான பொருளெல்லாம் சின்ன ஆளுக்கு என்பது டெல்லியின் கணக்கு. தகடு வாங்கித் தருவது, கூலி கொடுத்துப் பூட்டை எடுப்பது, விற்பது... இப்படிப்பட்ட சங்கங்களின் வேலை இதுதான்.

அதோடு விடவில்லை. சில பொருட்களைச் சிறுதொழில் மட்டுமே செய்யலாம் என்று 1967-ல் ஒரு பட்டியல் போட்டார்கள். முதலில் 47 அயிட்டம். போகப் போக எண்ணூறைத் தாண்டிவிட்டது. தாராளமயம் வந்த பிறகு ஒவ்வொன்றாக உருவினார்கள். கடைசியில் மிச்சமிருந்தது 20. ஊறுகாய், ரொட்டி, தீப்பெட்டி, பட்டாசு, கண்ணாடி வளையல் வரிசையில் பூட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தது. 2015 ஏப்ரலில்தான் அந்த இருபதையும் எடுத்தார்கள்.

ஆக, சட்டப்படி கடைசி நிமிஷம்வரை திண்டுக்கல் பூட்டுக்குப் பாதுகாப்பு இருந்தது. அப்படியும் தொழில் ஏன் சுருங்கியது?

வேலி போட்டது பெரிய கம்பெனிக்கு எதிராக. அடி விழுந்ததோ இன்னொரு சின்ன ஆளிடமிருந்து! உத்தரப்பிரதேசத்தின் அலிகாரும் சிறு பட்டறைகளின் ஊர்தான். ஆனால் அங்கே இயந்திரமும் அச்சும் வந்துவிட்டன. ஒரே மாதிரி பூட்டு மளமளவென்று, மலிவாக வந்து இறங்கியது. பெரிய கம்பெனியும் ஒன்றும் வெளியே நிற்கவில்லை. கோத்ரெஜ் 1897-ல் பம்பாயில் கடை விரித்ததே பூட்டை வைத்துத்தானே! நம் ஆளுக்குத் தகடு கிடைத்தது, கூலி கிடைத்தது. புது டிசைன், பேக்கிங், விளம்பரம், டீலர் இதெல்லாம் கிடைக்கவில்லை. ஒரு சர்க்கார் ஆபீஸால் இவற்றைத் தரவும் முடியாது. பேரேட்டில் பற்று, வரவு இரண்டும் சரியாக இருக்கும், கடையில் சரக்கு மட்டும் நகராது.

இப்போது வண்டியை வடக்கே, ஓசூருக்குத் திருப்புவோம்.

1984-ல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் கைகோத்து ஒரு வாட்ச் கம்பெனி ஆரம்பித்தார்கள். டைட்டன். பெயரிலேயே டாடாவும் தமிழ்நாடும் இருக்கின்றன. நுட்பம் பிரான்ஸிலிருந்து. ஆட்கள்? கை நடுங்காமல் வேலை செய்யப் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வாட்ச் என்றால் கையில் கட்டுகிற சாமான் என்பதைத் தாண்டி எதுவும் தெரியாத பிள்ளைகள். வெளியூர்ப் பிள்ளைகள் ஓசூரில் தங்க வீடு பிடித்துக் கொடுத்தது கம்பெனி.

அதைவிட எனக்குச் சுவாரசியமானது பின்னால் நடந்தது. மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு, 1990-களில் அன்றைய தர்மபுரி மாவட்டத்துச் சுயஉதவிக் குழுப் பெண்கள் டைட்டனுக்காக வாட்ச் ஸ்ட்ராப் கோத்துத் தர ஆரம்பித்தார்கள். 'மீடோ' என்று அவர்களுக்கே ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி உண்டானது. அதன் பங்குதாரர்களும் அந்தப் பெண்கள்தான். காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு விசில் அடிக்கத் தோன்றும்.

அடிப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். ஒரே கஸ்டமரை நம்பி நிற்கிற சப்ளையருக்கு ராத்திரித் தூக்கம் உத்தரவாதம் இல்லை. பெரியவன் ஆர்டரை நிறுத்தினால் சின்னவன் கதவைச் சாத்த வேண்டியதுதான். நாகல் நகர்ப் பட்டறைக்காரருக்கு வருமானம் குறைவு. ஆனால் பூட்டு அவருடையது. லீவரை எப்படி ராவுவது என்பது அவர் மூளையில் இருந்தது. ஓசூரில் டிசைன் கம்பெனியுடையது.

அரசுக்கு இந்தக் கூட்டு நஷ்டமா என்றால், கிடையவே கிடையாது. டைட்டனின் மிகப் பெரிய ஒற்றைப் பங்குதாரர் இன்றைக்கும் டிட்கோதான். சுமார் 28 சதவிகிதம். டாடாவைவிட அதிகம்!

அந்த ருசி விடவில்லை போலிருக்கிறது. தமிழக அரசு மறுபடியும் டாடாவோடு, இந்தத் தடவை டாடா டெக்னாலஜிஸோடு, சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பித்தது. செலவு சுமார் 2,877 கோடி ரூபாய். 2023-ல் ஒரகடத்தில் தொடக்க விழா. ரோபோ, சி.என்.சி. இயந்திரம், மின்சார வாகனம் என்று பாடம். ஆத்தூர் வட்டாரத்துப் பையன் இதைப் படித்தால் ஒரகடத்திலோ ஓசூரிலோ வேலை கிடைக்கும், சந்தோஷம். அதே சி.என்.சி.யை வைத்து ஒரு மாங்காய்ப் பூட்டின் உள்பாகங்களைத் துல்லியமாக வெட்டலாமே, அப்பா ராவுகிற நேரம் மிச்சமாகுமே என்று அவனுக்கு யார் சொல்லித் தருவது? பட்டறையில் அரம் பிடித்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. தெரிந்தவர் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததைத் திண்டுக்கல் பூட்டு என்று இனி விற்க முடியாது. அதற்கு மனுப் போட்டது எந்தக் கார்ப்பரேட்டும் இல்லை. 1957-ல் ஆரம்பித்த அதே கூட்டுறவுச் சங்கம்தான்.