ஓசை இழந்த எழுத்துக்கள்



ஆசிரியப் பயிற்சி பெற்று நான் வேலையில் அமர்ந்த புதிதில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் ஆங்கிலம் சொல்வதெழுதல் நடந்துகொண்டிருந்தது. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்னும் சொல்லை ஒரு சிறுவன் 'என்' எழுத்தில் தொடங்கி எழுதியிருந்தான். தவறென்று கோடிட்டு, இருபது முறை எழுதிவரப் பணித்தேன். அவன் எழுந்து, "ஐயா, வாயில் வராத 'கே' எழுத்து முன்னால் ஏன் நிற்கிறது?" என்று வினவினான். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லத் துணிவும் இல்லை. "அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம், உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முடியும்வரை அவன் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

அவன் கேட்டது இலக்கணக் கேள்வியன்று, வரலாற்றுக் கேள்வி. எட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் வைக்கிங்குகள் வடகடலைக் கடந்து வந்து இங்கிலாந்தைத் தாக்கினர். பின்னர் அங்கேயே குடியேறினர். 'நைஃப்' அவர்கள் மொழி தந்த சொல். அன்று அது 'க்னீஃப்' என்பது போல ஒலித்தது. முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலும் ககரம் தெளிவாகக் கேட்டது. ஜெர்மானியர் இன்றும் முழங்காலைக் 'க்னீ' என்றே சொல்கிறார்கள். ஆங்கிலேயர் நாவிலோ 17ஆம் நூற்றாண்டில் அவ்வொலி தேயத் தொடங்கி, பின்னர் அடியோடு மறைந்தது.

ஒலி போனபின் எழுத்து ஏன் போகவில்லை? அதற்கு அச்சுப்பொறியே காரணம். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இலண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். இங்கிலாந்தின் முதல் அச்சகம் அதுவே. ஊருக்கொரு பேச்சும் ஆளுக்கொரு எழுத்துமாக இருந்த காலம் அது. 1490இல் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். தேம்ஸ் ஆற்றில் காற்றின்றி நின்ற கப்பலிலிருந்து சில வணிகர்கள் கரையிறங்கினர். ஒருவர் ஒரு வீட்டில் 'எக்ஸ்' வேண்டுமென்று முட்டை கேட்டார். அவ்வீட்டுப் பெண்மணி, தமக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார். தமக்கும் பிரெஞ்சு தெரியாதே என்று வணிகருக்குக் கோபம் வந்துவிட்டது! மற்றொருவர் 'ஐரன்' என்று கேட்ட பிறகே அம்மையாருக்குப் பொருள் விளங்கிற்று. முன்னது வைக்கிங்குகளின் சொல். பின்னது நாட்டின் பழைய சொல். எதை அச்சிடுவது என்று காக்ஸ்டன் மயங்கினார். எனினும் அச்சிட்டவை மெல்ல மெல்ல மரபாயின. 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்தபோது எழுத்து முறை பெரும்பாலும் உறுதிப்பட்டிருந்தது. எழுத்து நின்றுவிட்டது, பேச்சு நடந்துகொண்டே இருந்தது.

இனி, என்றுமே ஒலிக்காத எழுத்துக்களும் உண்டு. கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சு வழியாக வந்தபோது அதில் 'பி' கிடையாது. இலத்தீன் மூலச் சொல்லில் இருக்கிறதே என்று கற்றறிந்தோர் பின்னாளில் அதை நுழைத்தார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' கதை இன்னும் சுவையானது. அது பழைய ஆங்கிலச் சொல். இலத்தீன் வழிவந்த 'ஐல்' என்ற சொல்லுக்கு உறவென்று தவறாக எண்ணி, அதிலுள்ள 'எஸ்' எழுத்தை இதிலும் சேர்த்துவிட்டார்கள். கற்றவர் செய்த பிழை சரியான எழுத்தாகிவிட்டது. அதை விட்டெழுதும் சிறுவனுக்கு நாம் மதிப்பெண் குறைக்கிறோம்!

இவற்றையெல்லாம் நான் பிற்பாடு படித்தறிந்து, ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவந்தேன். கேட்ட சிறுவனுக்கு மட்டும் சொல்ல வாய்க்கவில்லை. அவன் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான்.

ஆகவே, இளைஞர்களே, எழுத்துக்களைப் பிழையின்றிக் கற்றுக்கொள்ளுங்கள். தேர்வுக்கு அது தேவை. ஆனால் 'ஏன்' என்று கேட்பதை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆசிரியர், "எனக்குத் தெரியவில்லை தம்பி, பார்த்துச் சொல்கிறேன்" என்றால், அவரைக் குறைவாக எண்ணாதீர்கள். அன்று நான் சொல்லத் தவறிய விடை அதுதான்.