குவளையும் கயிறும்

எங்கள் கருவேப்பிலங்குறிச்சிக்கு அண்மையிலுள்ள விருத்தாசலம், பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூர்ச் சூளைகளிலே அகல் விளக்கும் வேகிறது, பொம்மையும் வேகிறது, மின்பியூஸ் கட்டையும் வேகிறது. ஒரே மண், ஒரே அச்சு, ஒரே நெருப்பு. அப்படி வெந்த இரண்டு குவளைகளை எடுத்து, தீண்டாமை குடியிருக்கும் ஒரு தேநீர்க் கடையிலே வைத்துப் பாருங்கள். ஒன்று உள்ளே பலகையின்மீது அமரும். மற்றொன்று வெளியே கூரையிலே தொங்கும். ஒன்றைக் கடைக்காரர் கழுவுவார். மற்றொன்றைக் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். எந்த விஞ்ஞானியைக் கொண்டு சோதித்தாலும் இரண்டிற்கும் வேற்றுமை காண இயலுமா? மண்ணிலே இல்லாத தீட்டு எங்கிருந்து வந்தது? மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே கட்டப்பட்ட உறவிலிருந்து வந்தது.

இவ்வுண்மையை ஒரு கல்வித்துறையாகவே வளர்த்திருக்கிறது மேலைநாடு. உறவுநிலைச் சமூகவியல் என்பர் அதனை. தனிமனிதனையோ சமுதாயத்தையோ முன்பே சமைத்து வைத்த பொருளாகக் கொள்ளாமல், இடையிலே ஓடும் உறவுகளிலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டும் என்று 1997-இல் அமெரிக்கப் பேராசிரியர் முஸ்தபா எமிர்பேயர் ஓர் அறிக்கையே வெளியிட்டார். வழி வெட்டியவர்களோ அவருக்கு மிக முந்தியவர்கள். உறவே அடிப்படை என்பதில் அவர்கள் ஒன்றுபட்டனர். அந்த உறவை எது கட்டுகிறது என்ற கேள்வியிலேதான் பிரிந்தனர்.

மூத்தவர் பெர்லின் நகரத்துச் சிம்மல். அந்நியன் என்பவன் எங்கோ இருப்பவனல்லன், அருகிலே இருந்துகொண்டே தொலைவிலே நிறுத்தப்பட்டவன் என்று 1908-இல் எழுதினார். ஊரின் வயலை உழுவது சேரி. ஊர்த் தேர் நுழையாத தெருவும் சேரி. சிம்மலின் இலக்கணத்திற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ? யூதக் குடியிலே பிறந்த அவருக்கு, பேராசிரியர் நாற்காலி 1914 வரை கிட்டவில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் நம் நாட்டிற்கே வந்தார். 1949-50-இல் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்தவர், 1966-இல் தம் பெருநூலை வெளியிட்டார். சாதிகள் தனித்தனிப் பொருள்களல்ல, ஒன்றையொன்று நோக்கி நிற்கும் அடுக்கு என்றார். சரியே! ஆனால் தூய்மை, தீட்டு என்ற கருத்தே அவ்வடுக்கைக் கட்டுகிறது என்றும், அதிகாரம் அதற்கு அடங்கியதே என்றும் சொன்னார். மாடியில் நின்று பார்த்த பார்வை அது. அடித்தட்டில் நின்றவன் அக்கருத்தை ஏற்றுக்கொண்டுதான் குனிந்தானா, அடிக்கு அஞ்சிக் குனிந்தானா என்ற கேள்விக்கு அவர் நூலிலே இடம் குறைவு.

இட்லரின் செர்மனியை விட்டு வெளியேறிய நோர்பெர்ட் எலியாஸ் அந்த இடத்தை நிரப்புகிறார். ஸ்காட்சன் என்பவரோடு சேர்ந்து 1965-இல் அவர் வெளியிட்ட நூல், இங்கிலாந்தின் ஒரு சிற்றூர்ப் பகுதியைப் பற்றியது. வின்ஸ்டன் பார்வா என்பது அவர்கள் அதற்கு இட்ட புனைபெயர். அங்கே இரு சாராருக்கும் ஒரே நிறம், ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே தொழில், ஒரே வருவாய். ஒருவர் முன்னே குடியேறியவர், மற்றவர் பின்னே வந்தவர், வேற்றுமை அவ்வளவே. எனினும் முன்னவர் பின்னவரை இழிந்தோர் என்றனர். காரணம், சங்கங்களும் பதவிகளும் முன்னவர் கையில் இருந்தன. வம்புப் பேச்சு அவர்களுக்கு ஆயுதமாயிற்று. தம்மிலே சிறந்த சிலரைக் காட்டித் தாம் அனைவரும் மேலோர் என்றனர். எதிரிலே கெட்ட சிலரைக் காட்டி அவர் அனைவரும் கீழோர் என்றனர். நம் ஊர்த் திண்ணைகளில் இந்தப் பேச்சைக் கேட்டதில்லையா?

பியர் பூர்தியூ, அவ்வுறவு உடம்பிலேயே பழக்கமாக ஊறிவிடுகிறது என்று காட்டியவர். பண்ணையார் எதிரே வந்ததும் தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியதே, அதை எண்ணினால் போதும்.

இவர்கள் நூல்களெல்லாம் சிம்மலுக்குப் பிற்பட்டவை. சிம்மல் உயிரோடிருந்த நாளிலேயே, 1916 மே 9-ஆம் நாள், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கிலே இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் ஒரு கட்டுரை படித்தார். சாதி தனியொன்றாக இருக்க முடியாது, பலவாகவே இருக்க முடியும் என்றார் அவர். ஒரு கூட்டம் மணவுறவுக் கதவைச் சாத்திக்கொண்டது. மற்றவை அதைப் பார்த்துத் தாமும் சாத்தின, அல்லது தமக்கு எதிரே கதவு சாத்தப்பட்டிருக்கக் கண்டன. கதவைக் காப்பதற்கே உடன்கட்டையும், கட்டாயக் கைம்மையும், குழந்தை மணமும் ஏற்பட்டன என்று விளக்கினார். அந்த இளைஞர் அம்பேத்கர். உறவைக் கட்டும் முடிச்சு எதுவென்று விரல் வைத்துக் காட்டியவர் இவரே என்பது என் துணிபு. முடிச்சு தெரிந்தால்தானே அவிழ்க்க முடியும்! 1929 செங்கற்பட்டு மாநாட்டிலே சுயமரியாதையினர் பெயருக்குப் பின்னிருந்த சாதி வாலை வெட்டியதும், புரோகிதர் இல்லாத் திருமணங்களை நடத்தியதும், அண்ணா ஆட்சி அவற்றுக்குச் சட்ட ஏற்பு வாங்கித் தந்ததும் அந்த முடிச்சின்மீது வைத்த கைகளே.

இவையெல்லாம் பழங்கதை என்பார்க்கு ஒன்று சொல்வேன். 2023 ஆகஸ்டிலே நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது அது. நூலிலும் சாயத்திலும் சாதி உண்டா? எதிரே இன்னொரு நிறம் நிற்கும்போதுதான் அந்த நிறம் பேசுகிறது. கயிற்றை அறுத்தால் நாளை சட்டைப் பொத்தான் பேசும், நெற்றிப் பொட்டு பேசும்.

அக்குழு வேறொன்றும் சொன்னது: வகுப்பிலே மாணவர்கள் அகர வரிசைப்படி அமர வேண்டும். ஆசிரியனாகிய எனக்கு இதுவே பெரிதாகப் பட்டது. வருகைப் பதிவேட்டை எடுத்து என் வகுப்பை அவ்வாறு அடுக்கிப் பார்த்தேன். கடைசிப் பலகையிலே எந்நாளும் சேர்ந்தே அமரும் ஒரே தெருப் பிள்ளைகள் நால்வர், நான்கு வெவ்வேறு பலகைகளுக்குப் போயினர்.