ஹைட்ரஜனை எங்கே வைப்பது?

பதினொன்றாம் வகுப்பு வேதியியல் பாடத்தில் ஹைட்ரஜனின் இடம் குறித்து ஒரு பகுதி உண்டு. கார உலோகங்களோடு ஒற்றுமைகள், ஹாலஜன்களோடு ஒற்றுமைகள் என்று சொல்லிவிட்டு, முதல் தொகுதியில் வைப்பதே பொருத்தம் என்று முடிப்பார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். இந்த முடிவுக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. அது வகுப்பறைக்குள் வருவதில்லை.

1865இல் லண்டனில் நியூலாந்து தனிமங்களை எடைவாரியாக அடுக்கி, எட்டாவதாக வருவது முதலாவதன் குணத்தோடு வருகிறது என்றார், ஸ்வரம் திரும்பி வருகிற மாதிரி. அவர் அடுக்கில் ஹைட்ரஜனுக்கு ஃப்ளூரினும் குளோரினும் கூட்டாளிகள். 1871இல் மெண்டலீவ் போட்ட அட்டவணையில் அதே ஹைட்ரஜன் லித்தியம், சோடியத்தோடு முதல் தொகுதியில் இருந்தது. அவருடைய அளவுகோல் இணைதிறன். தண்ணீரில் ஒரு ஆக்சிஜனுக்கு இரண்டு ஹைட்ரஜன். சோடியம் ஆக்சைடிலும் ஒன்றுக்கு இரண்டுதான். ஆனாலும் முதல் வரிசையில் அது தனியாகவே நின்றது. இன்னும் கண்டுபிடிக்காத தனிமங்களுக்கு ‘ஏக’ என்ற சமஸ்கிருத முன்னொட்டோடு பெயர் வைத்து மெண்டலீவ் இடம் ஒதுக்கினார். அவற்றில் ஒன்று 1875இல் காலியமாகக் கிடைத்தும் விட்டது. வராத தனிமத்துக்கு இடம் சொல்லத் தெரிந்த அட்டவணை, எல்லா எடைக்கும் படிக்கல்லாக இருந்த முதல் தனிமத்திடம் தடுமாறியது.

அடுத்த கேள்வி, அது உலோகமா இல்லையா என்பது. பல்லேடியம் ஹைட்ரஜனை உறிஞ்சுவதைப் பார்த்த தாமஸ் கிரஹாம், இது ஏதோ உலோகத்தின் ஆவிதான் என்று நினைத்தார். 1898இல் டூவர் அதைக் குளிர்வித்துத் திரவமாக்கினார். கிடைத்தது நிறமற்ற தெளிந்த திரவம். உலோகப் பளபளப்பு ஏதுமில்லை. 1920இல் மோயர்ஸ் உருகிய லித்தியம் ஹைட்ரைடில் மின்சாரம் பாய்ச்சியபோது ஹைட்ரஜன் நேர்மின்வாயில் வெளிவந்தது, உருகிய உப்பிலிருந்து குளோரின் வருவது போலவே. சரி, ஹாலஜன் கட்சி ஜெயித்தது என்று சொல்லிவிடலாமா? 1935இல் விக்னரும் ஹண்டிங்டனும், மிக அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜன் உலோகமாகும் என்று கணக்குப் போட்டார்கள். 1996இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில், சுமார் 14 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில், அது உலோகம் போல மின்சாரம் கடத்தியது.

எண்களும் ஒரு பக்கம் சாய்வதில்லை. ஹைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 1312 கிலோஜூல். கார உலோகங்களில் அதிகமுள்ள லித்தியத்துக்கே 520தான், குளோரினுக்கு 1251. அப்படியானால் குளோரின் பக்கமா? எலக்ட்ரான் நாட்டத்தைப் பார்த்தால் குளோரினுக்கு 349, ஹைட்ரஜனுக்கு வெறும் 73. வெளிக்கூடு பாதி நிரம்பியிருப்பதால் கார்பனுக்கு மேலே வைக்கலாம் என்பாரும் உண்டு. உலக வேதியியல் ஒன்றியம் தன் அட்டவணையில் அதை முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. ஆனால் கார உலோகம் என்ற பெயரை அதற்குத் தருவதில்லை. வீட்டுக்குள்ள விட்டுட்டு உறவு இல்லைன்னு சொல்ற மாதிரி.

ஆக, ஹைட்ரஜனிடம் குறை ஒன்றுமில்லை. இணைதிறனைக் கேட்டால் ஒரு பதில், ஆற்றலைக் கேட்டால் வேறு பதில். பெட்டியைத் தீர்மானிப்பது நாம் கேட்கிற கேள்வி. இந்த வரலாற்றில் மதிக்கத்தக்க ஒன்று, அளவுகோல் எது என்பதை ஒவ்வொருவரும் வெளிப்படையாகச் சொன்னார்கள். எதிர்ச் சோதனைக்கும் இடம் இருந்தது.

இதை ஏன் இங்கே எழுத வேண்டும்? விழுப்புரம், திண்டிவனம் பகுதி இருளர்கள் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். ஆனால் சாதிச் சான்றிதழுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. பழங்குடி யார் என்பதற்கு 1965இல் லோகூர் குழு சொன்ன அடையாளங்கள்: பழமைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரிடம் கூச்சம், பின்தங்கிய நிலை. சமவெளியில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கிடந்து உழைக்கிறவர் இந்தப் படத்துக்குள் அடங்காவிட்டால், சந்தேகம் படத்தின் மீது வருவதில்லை. அவர் மீதே வருகிறது. திண்டிவனத்தில் 1996இல் உருவான பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் சான்றிதழ் உரிமையையும் கையிலெடுத்துப் போராடியது. அதில் முன்நின்ற பேராசிரியர் கல்யாணி இயற்பியல் கற்பித்தவர்.

மனிதர்களைத் தனிமங்களோடு ஒப்பிடுவது இங்கே நோக்கமல்ல. முதல் தொகுதியில் வைத்தாலும் பதினேழாம் தொகுதியில் வைத்தாலும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தான். கட்டம் மாறினால் அதற்கு நட்டமில்லை. சான்றிதழ் மறுக்கப்பட்ட பிள்ளைக்குப் படிப்பு போகிறது, உதவித்தொகை போகிறது. ஒரு வாயு விஷயத்தில் அறிவியல் காட்டிய பொறுமையை ஓர் அலுவலக மேசையிடம் கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல. எந்த அளவுகோலை வைத்து மறுக்கிறீர்கள், அதை யார் வகுத்தது, அது தப்பென்று காட்ட எங்களுக்கு வழி என்ன? ஹைட்ரஜன் பாடத்தை ஒழுங்காக நடத்தினால், இந்த மூன்று கேள்விகளையும் கேட்கப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே பழகிக்கொள்வார்கள்.