முறிந்த வால் சொல்லும் சாட்சி: உலங்குவானூர்தி வால்தண்டு முறிவுகளும் காரணத் தேடலின் வரலாறும்

அறிமுகம்

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வாழ்வோருக்கு ஹெலியின் சத்தம் புதிதல்ல. இரத்மலானை விமானத் தளம் தெற்கே சில கிலோமீற்றர் தொலைவிலேயே இருக்கிறது. அதே ஒழுங்கைகளில், கடலைப் பார்த்த வீடுகளின் யன்னல் கம்பிகள் சில ஆண்டுகளுக்குள் துருவேறி உதிர்வதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே பறக்கும் அலுமினிய உடலும் அந்த உப்புக்காற்றில்தான் வாழ்கிறது.

உலங்குவானூர்தி விபத்துப் படங்கள் பலவற்றில் முதலில் கண்ணிற்படுவது உடலிலிருந்து பிரிந்து தனியே கிடக்கும் வால்தண்டு. பார்ப்பவர்கள் அதையே காரணமாகவும் கொண்டுவிடுகிறார்கள். வால்தண்டின் முறிவு பெரும்பாலும் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி என்பதும், முறிந்த வாலைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். ‘எது முறிந்தது?’ என்று கேட்ட பொறியியலாளர்கள் ‘எந்த நாளில் முறியத் தொடங்கியது?’ என்று கேட்கப் பழகிய வரலாற்றை இலங்கையின் அனுபவத்தோடு இணைத்து இங்கு நோக்குவோம்.

வாலுக்கு ஏன் இத்தனை சுமை

1939 செப்டெம்பர் 14இல் ஐகர் சிகோர்ஸ்கி தமது வீஎஸ்-300 வானூர்தியைக் கயிற்றிற் கட்டியபடியே தரையிலிருந்து சற்று எழுப்பினார். தலைக்கு மேல் ஒரு பெருஞ்சுழலி, வால்நுனியில் ஒரு சிறுசுழலி என்ற அமைப்பு அதன் வழியேதான் நிலைபெற்றது. பெருஞ்சுழலி ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க வால்சுழலி பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தத் தள்ளல் முழுவதையும் உடலுக்குக் கடத்துவது வால்தண்டு. ஒரு முனையில் பிணைக்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் அந்தத் தண்டு, பறக்கும் நேரமெல்லாம் வளைவையும் முறுக்கையும் சேர்த்தே தாங்குகிறது.

பெல் நிறுவனத்தின் வானூர்திகளில் பெருஞ்சுழலி மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் வால் வலப்பக்கம் தள்ளப்பட்டு, தண்டின் இடப்பக்கம் இழுவிசையைச் சுமக்கிறது. இழுபடும் பக்கத்தில்தான் வெடிப்பு வளரும் என்பதால், அனுபவமுள்ள பரிசோதகரின் கண் முதலில் இடப்பக்கப் பிணைப்புகளுக்குப் போகிறது. ரஷ்யாவின் எம்ஐ-17இல் சுழலி எதிர்த்திசையில் சுற்றுவதால் இந்தக் கணக்கும் பக்கம் மாறும்.

இலங்கைக்கு வந்த வால்கள்

1935 நவம்பர் 27இல் மெட்ராஸ் பறப்புக் கழகத்தின் சிறு விமானம் ஒன்று முதன்முதலாக இரத்மலானையில் இறங்கியது. 1951 மார்ச் 2இல் அரச இலங்கை விமானப்படை உருவானது. 1950களில் அது பெற்ற வெஸ்ட்லண்ட் டிராகன்பிளை, சிகோர்ஸ்கியின் எஸ்-51இன் பிரித்தானிய வடிவம். அதன் வால் உலோகத் தகடு போர்த்திய மூடிய கூம்பு. 1957 டிசெம்பர் பெருவெள்ளத்தில் அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் கப்பலிலிருந்து வந்த ஹெலிகள் நிவாரணப் பணி செய்தபோது, இந்த ஊர்தி எதற்குப் பயன்படும் என்பதை இலங்கையர் நேரில் கண்டார்கள்.

1971 ஏப்ரல் கிளர்ச்சிக் காலத்தில் மூன்று வேறுபட்ட வால்கள் ஒரே வானில் பறந்தன. பெல் 47ஜீயின் வால் உருக்குக் குழாய்களை ஒட்டுப்போட்டுச் செய்த திறந்த சட்டகம். ஒட்டிடத்தில் வெடிப்பு விட்டால் துடைத்துவிட்டுக் கண்ணாலேயே பார்க்கலாம். பெல் 206 ஜெட்ரேஞ்சரின் வால் மெல்லிய அலுமினியத் தோலால் ஆன குழல். அதனை உடலோடு பிணைப்பவை நான்கே நான்கு போல்ட்டுகள். சோவியத் தயாரிப்பான காமோவ் கா-26இல் ஒன்றின் மேல் ஒன்றாக எதிர்த்திசைகளில் சுற்றும் இரு பெருஞ்சுழலிகள் இருந்தன. வால்சுழலி தேவைப்படாத அதன் இரட்டைத் தண்டுகள் துடுப்புகளை மட்டுமே தாங்கின.

1980களில் பெல் 212, 1990களில் எம்ஐ-17, எம்ஐ-24 எனப் போரோடு சேர்ந்து இயந்திரங்களும் பெருத்தன. குழாய்ச் சட்டகத்தின் இடத்தை மூடிய குழல் முழுமையாகப் பிடித்துக்கொண்டது. அது காற்றை எளிதாகக் கிழித்தது, பாரமும் குறைவு. ஆனால் அதன் நெடுஞ்சட்டங்களும் ரிவெட் துளைகளும் தோலுக்குள் ஒளிந்துகொண்டன. வெடிப்பைத் தேட இனி வெறும் கண் போதவில்லை.

களைப்பின் கணக்கு

உலோகம் களைக்கும் என்பதை முதலிற் கற்பித்தவை இரயில்கள். 1842இல் பிரான்சின் வெர்சாய் பாதையில் அச்சு முறிந்து நேர்ந்த பெருவிபத்துக்குப் பின், ஜெர்மானியப் பொறியியலாளர் ஓகஸ்ட் வோலர் அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துச் சோதித்தார். ஒருமுறை தாங்கிய சுமையையே பல இலட்சம் முறை ஏற்றினால் இரும்பு முறியும் என்று காட்டினார். 1954இல் இரு கொமெட் விமானங்கள் நடுவானில் சிதறியபோது வான்துறையும் அதே பாடத்தைப் படித்தது. அலுமினியத்தின் நிலை இன்னும் கடினம். உருக்குக்கு உள்ளதுபோல ‘இதற்குக் கீழ் எத்தனை முறையும் தாங்கும்’ என்ற தெளிவான எல்லை அதற்கு இல்லை.

பெல் 212ஐ எடுத்துக்கொள்வோம். இரு அலகுகள் கொண்ட அதன் பெருஞ்சுழலி நிமிடத்துக்கு 324 முறை சுற்றுகிறது. ஒவ்வோர் அலகும் கடக்கும்போது உடல் ஒரு தட்டு வாங்கும். நிமிடத்துக்கு 648, மணித்தியாலத்துக்கு 38,880. ஆயிரம் மணித்தியாலப் பறப்பில் அது 3 கோடியே 88 இலட்சத்தைத் தாண்டுகிறது. வால்சுழலியின் அதிர்வு இதற்கு மேலதிகம்.

இந்தத் தட்டுகள் ஒவ்வொன்றும் தனியே தீங்கற்றவை. நான்கு பிணைப்புப் போல்ட்டுகளில் ஒன்று உரிய இறுக்கத்தை இழந்தால், அது சுமக்கவேண்டியதை மற்ற மூன்றும் பகிரும். பொருத்துகள் ஒன்றோடொன்று உரசும். கடினமாகத் தரையிறங்கிய ஒரு நாளில் நெடுஞ்சட்டத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு பிறக்கலாம். பிறந்த வெடிப்பை அந்தக் கோடிக் கணக்கான தட்டுகள் வளர்க்கின்றன. இறுதி முறிவுக்கு ஒரு நொடி போதும். முறிந்த முகத்தைப் பெருக்கிப் பார்த்தால் மரத்தின் வளையங்கள் போன்ற நுண்கோடுகள் தெரியும். வெடிப்பு எங்கே பிறந்து எப்படி வளர்ந்தது என்பதை அவற்றிலிருந்து படிக்கலாம்.

உப்பின் பங்கு

1988 ஏப்ரல் 28இல் ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை நடுவானில் பிய்ந்து பறந்தது. 1969இல் சேவைக்கு வந்த அந்த விமானம் அதற்குள் 89,680 பறப்புகளை முடித்திருந்தது. குறுந்தூரப் பறப்புகளும் கடலின் ஈர உப்பும் சேர்ந்து தகட்டு இணைப்புகளைப் பலவீனமாக்கியிருந்தன. அது உலங்குவானூர்தி அல்லவெனினும், தீவில் பறக்கும் எதற்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

அரிப்பு பள்ளம் தோண்டுகிறது. அந்தப் பள்ளத்திலிருந்து களைப்பு வெடிப்பு புறப்படுகிறது. தனித்தனியே பல ஆண்டுகள் எடுக்கும் இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் காலம் சுருங்கும். கடல்மேற் பறந்து வந்த வானூர்தியை நன்னீரால் கழுவுவதும், தோலுக்குள் நீர் தேங்காமல் வடிகால் துளைகளைத் திறந்து வைப்பதும், வர்ணம் உரிந்த இடத்தை அன்றே மூடுவதும் உயிர் காக்கும் வேலைகள். தளர்ந்த ரிவெட்டைச் சுற்றிப் புகைபடிந்ததுபோல் ஒரு கருங்கோடு தெரியும். உரசலில் அரைபட்ட அலுமினியத் தூள்தான் அது. கழுவித் துடைக்கும் உதவியாளரின் கண்ணில் அந்தக் கோடு பட்டு, அவர் அதைச் சொல்லத் தயங்காமல் இருந்தால், ஒரு விபத்து தவிர்க்கப்படும்.

வேறிடத்தில் தொடங்கும் முறிவுகள்

பல வால்கள் களைத்து முறிவதில்லை, வெட்டுண்டு முறிகின்றன. தராசுபோல் ஆடும் இரு அலகுச் சுழலியுள்ள வானூர்தியில், ஓட்டி கைப்பிடியை விரைந்து முன்னே தள்ளினால் உடலின் எடை ஒரு கணம் இல்லாமற்போகும். அந்நேரத்துத் தவறான திருத்தம் அலகை வால்தண்டின் மீதே இறக்கிவிடும். ரொபின்சன் ஆர்22 வகையில் நேர்ந்த இத்தகைய விபத்துகளை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1996இல் தனி ஆய்வாக வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே ஓட்டிகளுக்கான சிறப்புப் பயிற்சி விதி வந்திருந்தது. 1990களின் இறுதியில் பெல் 407இல் வால்சுழலியே தண்டைத் தாக்கிய சம்பவங்களுக்குப் பின், வேகத்துக்கும் மிதிகட்டையின் அசைவுக்கும் எல்லை விதிக்கப்பட்டது.

2009 ஏப்ரல் 1இல் ஸ்கொட்லாந்தின் கடற்பரப்பில் சூப்பர் பூமா ஒன்று வீழ்ந்து 16 பேர் மாண்டனர். அதன் வால்தண்டு நடுவானில் வெட்டுண்டிருந்தது. ஆனால் காரணம் வாலில் இல்லை. பிரதான பற்சக்கரப் பெட்டிக்குள் ஒரு கோள் பற்சக்கரம் களைத்து உடைய, பெருஞ்சுழலி கழன்று வாலை வெட்டியிருந்தது. அந்தப் பெட்டியிலிருந்து ஓர் உலோகத் துகள் விபத்துக்குச் சில நாட்கள் முன்பே கண்டெடுக்கப்பட்டிருந்தது. வாலோடு விசாரணையை முடித்திருந்தால் அந்தத் துகளின் பொருள் வெளிவந்திராது.

வரலாறு இல்லாத பாகம்

கொட்டாஞ்சேனையில் வாகனம் வைத்திருப்பவருக்குப் பஞ்சிகாவத்தை தெரியும். அங்கே பழைய பாகம் வாங்கிப் பூட்டலாம். உடைந்தால் வீதியோரம் நிறுத்தலாம். வானில் அந்த வசதி இல்லை. அமெரிக்க இராணுவம் கழித்த பெல் யூஎச்-1 வானூர்திகள் மரம் தூக்கவும் தீயணைக்கவும் விற்கப்பட்டன. மணிக்குப் பலமுறை பாரம் தூக்கும் வேலைக்குப் பறந்த மணித்தியாலம் சரியான அளவுகோல் அல்ல. எனவே பெல் நிறுவனம் சில பாகங்களுக்குத் தூக்கிய தடவைகளையும் சேர்த்தெண்ணும் முறையைக் கொண்டுவந்தது. இவ்வகை வானூர்திகளின் செங்குத்துத் துடுப்பின் உட்சட்டத்தில் வெடிப்புகள் கண்டபோது கட்டாயப் பரிசோதனைக் கட்டளைகளும் பிறந்தன. எத்தனை தடவை எவ்வளவு பாரம் தூக்கியது என்ற பதிவு இல்லாத பாகத்துக்கு வயது சொல்ல எவராலும் இயலாது.

கேள்வி மாறிய விதம்

தொடக்ககால விதி எளிது: ஆயுளைக் கணக்கிடு, முடிந்ததும் பாகத்தைக் கழற்று. அது குறையற்ற பாகத்தையே கற்பனை செய்தது. 1989இல் அமெரிக்க விதிகள், தயாரிப்புக் குறையும் கீறலும் இருக்கும் என்று ஏற்று ஆயுளைக் கணிக்கச் சொல்லின. 2011இல் உலோகப் பாகங்களுக்கும் கூட்டுப்பொருட்களுக்கும் சேதந்தாங்கும் மதிப்பீடு தனித்தனியே வகுக்கப்பட்டது. வெடிப்பு வரும், அது ஆபத்தாகுமுன் கண்டுபிடிக்கப்படும் இடைவெளியில் பரிசோதனை நடக்கவேண்டும் என்பதே அதன் சாரம். இதற்கு முன்பே, அதிர்வைத் தொடர்ந்து பதியும் கருவிகள் 1990களில் வடகடல் உலங்குவானூர்திகளில் பரவின.

முடிவுரை

2025 மே 9இல் மாதுறுஓயாவில் வீழ்ந்த பெல் 212இல் ஆறு படையினர் உயிரிழந்தனர். அதே ஆண்டு நவம்பர் 30இல், புயல் நிவாரணப் பணியின்போது லுணுவிலவில் மற்றொரு பெல் 212 வீழ்ந்து அதன் விமானி மாண்டார். இவ்விரண்டையும் வால் முறிவோடு இணைப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் 1960களின் வடிவமைப்பில் உருவான ஊர்திகள் உப்புக்காற்றில் இன்னும் உழைக்கும் நாட்டில், காரணத் தேடல் ஆய்வாளர் மேசையோடு நின்றுவிடக்கூடாது.

சிவில் வான்போக்குவரத்து விபத்துகளின் விசாரணை, சர்வதேச சிவில் வான்போக்குவரத்து உடன்படிக்கையின் பதின்மூன்றாம் இணைப்பைப் பின்பற்றி அறிக்கையாக வெளிவரும் மரபு கொண்டது. இராணுவ வானூர்திகள் அந்த மரபுக்கு வெளியே நிற்கின்றன. படைத்துறை இரகசியங்களை நீக்கியேனும், எந்தப் பாகத்தில் எந்த வெடிப்பு எவ்வளவு காலம் வளர்ந்தது என்ற தொழில்நுட்பப் பகுதியைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடலாம். வெள்ளத்தில் கூரைமேல் நிற்பவரை மீட்கப் போகும் அதே ஊர்திக்கு நாம் செய்யும் குறைந்தபட்சக் கடமை அது. முறிந்த வால் தன் சாட்சியத்தைத் தன் முறிந்த முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்தவர்கள் உரக்கச் சொன்னால்தான் அடுத்த வெடிப்பைத் தேடுபவருக்கு எங்கே பார்க்கவேண்டும் என்பது தெரியும்.